கொழும்பில் வீடு விலைபோகவில்லையா? ஆள் எந்தப் படியில் திரும்பிப் போகிறார் என்று முதலில் பாருங்கள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீடு ஆறேழு மாதம் விற்பனைக்கு நின்றுவிட்டால் சுற்றத்தார் எல்லோரும் சொல்வது ஒன்றே: "விலையைக் குறையுங்கோ." சில வீடுகளுக்கு அதுதான் மருந்து. ஆனால் உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், சிக்கல் உள்ள வீட்டுக்கு ஐம்பது லட்சம் குறைத்தாலும் வாங்குபவரின் வங்கி கடன் தரப்போவதில்லை. கார் நுழையாத ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டுக்கு எத்தனை தடவை பெயின்ற் அடித்தாலும் கார் வைத்திருப்பவர் வாங்கப்போவதில்லை. நோய் எதுவென்று தெரியாமல் விலையை வெட்டினால் பணமும் போகும், வீடும் நிற்கும்.

முதலில் ஒரு கொப்பி எடுங்கள். இதுவரை கோல் எடுத்தவர்கள், வந்து பார்த்தவர்கள், விலை கேட்டவர்கள், கேட்டுவிட்டுப் பின்வாங்கியவர்கள் எல்லோரையும் நினைவிருக்கும் வரை எழுதுங்கள். இனி வருகிறவர்களையும் அதிலேயே எழுதுங்கள். ஒவ்வொருவரும் எந்தப் படியில் திரும்பிப் போனார் என்பதே உங்களுக்குத் தேவையான விடை.

கோலே வரவில்லை என்றால் விளம்பரமோ விலையோ பிழை. கோல் வருகிறது, ஆனால் ஒருவரும் பார்க்க வருவதில்லை என்றால் விளம்பரத்தில் இல்லாத ஏதோ ஒன்று தொலைபேசியில் தெரியவருகிறது. பெரும்பாலும் அது ஒழுங்கையின் அகலம், வாடகைக்கு இருப்பவர், அல்லது புரோக்கர் சொன்ன வேறொரு விலை. பார்க்க வருகிறார்கள், பிறகு சத்தமில்லை என்றால் வீட்டின் நிலைக்கும் கேட்கிற விலைக்கும் பொருந்தவில்லை. விலை பேசி, உறுதி எழுதி முடிக்கும் நொத்தாரிசிடம் போன பிறகு ஆள் மறைந்துவிட்டால் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் பத்திரங்களில்தான் இருக்கும், அல்லது வங்கியின் மதிப்பீட்டில். இந்தக் கடைசி வகைதான் கொழும்பில் அதிக காலத்தை விழுங்குகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: வாங்குபவரின் நொத்தாரிஸ் பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள்

விற்பவர் பலர் உறுதியை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, ஆள் சரிவந்த பிறகுதான் வெளியே எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு குறை தெரிந்தால் அதைத் திருத்த மாதக்கணக்காகும். வாங்குபவர் அதுவரை காத்திருக்க மாட்டார். இப்போதே நீங்கள் ஒரு நொத்தாரிசை அமர்த்தி, வாங்குபவருக்காகப் பார்ப்பது போல முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் எல்லாச் செலவுகளிலும் பயனுள்ளது.

கையில் இருக்க வேண்டியவை: மூல உறுதி, அதற்கு முந்திய உறுதிகள், நில அளவைப் பிளான், காணிப் பதிவகத்திலிருந்து குறைந்தது 30 வருடத்துக்கான பதிவேட்டுப் பிரதிகள், அங்கீகரிக்கப்பட்ட கட்டடப் பிளான், அதன்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ், மாநகர சபை வரி கட்டிய பற்றுச்சீட்டுகள், வீதிக்கோட்டுச் சான்றிதழ் (வீதியை அகலிக்க ஒதுக்கிய எல்லையைக் காட்டுவது), உரித்துச் சான்றிதழ், காணி மாநகர சபைக்கு உரித்தாக்கப்படவில்லை என்ற சான்றிதழ். பதிவேட்டுப் பிரதியைப் பழையதாக வைத்திருக்க வேண்டாம். புதிதாக எடுத்து, இடையில் ஏதாவது ஈடு (அடமானம்), வழக்குப் பதிவு, கேவியட் (கைமாற்றத்துக்கு எதிரான ஆட்சேபம்) விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாறுவதற்கு நொத்தாரிஸ் முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் உறுதி முடிய வேண்டும். வாய்ப்பேச்சில் அண்ணன் தம்பிக்குக் கொடுத்தது, வெறும் கடிதத்தில் எழுதி வாங்கியது எதுவும் இங்கே செல்லாது.

தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் திரும்பத் திரும்ப வருகிற சிக்கல்களைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

*பெயர்.* உறுதியில் முதலெழுத்துகளுடன் ஒரு பெயர், அடையாள அட்டையில் தகப்பன் பெயருடன் விரித்து எழுதிய பெயர், கடவுச்சீட்டில் கணவன் பெயருடன் மூன்றாவது பெயர். மூவரும் ஒரே ஆள் என்பது வீட்டாருக்குத் தெரியும், வங்கிச் சட்டத்தரணிக்குத் தெரியாது. சிறிய வேறுபாட்டுக்குச் சத்தியக்கடதாசி போதும். உறுதியிலேயே எழுத்துப் பிழை, பிளான் இலக்கப் பிழை இருந்தால் பிழைதிருத்த உறுதி முடிக்க வேண்டும். பழைய உறுதியில் கையெழுத்திட்டவரும் அதில் கையெழுத்திட வேண்டி வரலாம். அவர் இப்போது ரொறொன்ரோவில் இருக்கலாம். ஆகவேதான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறோம்.

*இறந்தவர் பெயரில் உள்ள வீடு.* தகப்பன் பெயரில் வீடு, அவர் இல்லை, பிள்ளைகள் நான்கு நாட்டில். மரணசாதனம் (உயில்) இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெறுமதியான சொத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு நடந்து முடிய வேண்டும். அது முடியாமல் விளம்பரம் போடுவது வீண். தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்) உட்பட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: திருமணத்துக்குப் பின் வாங்கிய வீடு தேடிய தேட்டமாக, அதாவது இருவருக்கும் பொதுவான சொத்தாக, இருக்கலாம். உறுதியில் தாயின் பெயர் மட்டும் இருந்தாலும், தகப்பன் இறந்தபோது ஒரு பங்கு பிள்ளைகளுக்குப் போயிருக்கக்கூடும். மனைவி பெயரிலுள்ள ஆதனத்தை விற்கும்போது நொத்தாரிஸ் கணவரின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்பதும் இந்தச் சட்டத்தினால்தான். கணவன் மனைவி பிரிந்து வாழ்கிறார்கள் என்றால் இதை முதல் நாளே பேசித் தீருங்கள்.

*நன்கொடை உறுதி, சீதன உறுதி.* நன்கொடையைப் பெற்றவர் நன்றி கெட்ட முறையில் நடந்தால் கொடுத்தவர் நீதிமன்றம் போய் அதை மீளப் பெற வழி உண்டு. இதற்காகவே 2017இல் தனிச் சட்டமும் வந்தது. அதனால் நன்கொடை உறுதி எழுதி 10 வருடம் ஆகாவிட்டால் வங்கிகள் தயங்கும். கொடுத்தவர் உயிருடன் இருந்தால், விற்பனை உறுதியில் அவரும் சம்மதித்துக் கையெழுத்திடுவது வழக்கமான தீர்வு. சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு எழுதிய உறுதி என்றால் அந்த உரித்தை அவர் விட்டுக்கொடுத்து எழுத வேண்டும்.

*அனுமதியில்லாத மேல்மாடி.* இரண்டு மாடிக்கு அனுமதி, மூன்று மாடி நிற்கிறது. பின்பக்கக் குசினி மதிலோடு ஒட்டிக் கட்டியது. கட்டிய பின் அனுமதி பெற மாநகர சபையில் வழி இருக்கிறது, ஆனால் வீதிக்கோட்டை மீறியதற்கும் பின்வெளி இல்லாததற்கும் அது கிடைக்காமல் போகலாம். கிடைக்காது என்று தெரிந்தால் அந்தப் பகுதியைச் சதுர அடிக் கணக்கில் சேர்க்காமல் விலை போடுங்கள். மறைத்து வைத்து விற்க முனைந்தால் வங்கி மதிப்பீட்டாளர் பிளானோடு வந்து அளக்கும்போது அது வெளிவரும்.

*உறுதி தொலைந்தது.* பதற வேண்டாம். நொத்தாரிஸ் முடிக்கும் உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது, இன்னொன்று நொத்தாரிசின் கோப்பில் இருக்கிறது. பொலிஸில் முறைப்பாடு வைத்து, பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதி எடுங்கள். ஆனால் மூல உறுதி எங்காவது கைமாற்றுக் கடனுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் குடும்பத்துக்குள் வெளிப்படையாகக் கேட்டு அறியுங்கள்.

*தொடர்மாடி வீடு.* வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் சில கட்டடங்களில் வீடு வாங்கியவர்களின் கையில் உடன்படிக்கையும் பற்றுச்சீட்டும் மட்டுமே உண்டு. வீடுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கூட்டாதனப் பிளான் பதிவாகவில்லை, தனி உறுதி எழுதப்படவில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது மிகக் கடினம், வாங்குபவர் முழுக் காசோடு வர வேண்டும். மற்ற வீட்டுக்காரர்களோடு சேர்ந்து கட்டியவரை நெருக்கி உறுதியை முடிப்பதே சரியான வழி. உறுதி உள்ளவர்கள் பராமரிப்புக் கட்டண நிலுவையைத் தீர்த்து, கட்டடத்தைப் பராமரிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் கடிதம் வாங்கி வையுங்கள்.

*வாடகைக்கு இருப்பவர்.* குடியிருப்பவரோடு விற்பது கொழும்பில் விலையை அதிகம் இழுத்து விழுத்தும் காரியம். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கம் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்போடு தலைமுறையாக இருப்பவர்களும் உண்டு. அவர்களோடு ஒரு தொகை பேசி எழுத்தில் முடிப்பதா, அவர்களுக்கே விற்பதா என்பதை முதலில் தீருங்கள். புதிதாக வாடகைக்குக் கொடுப்பதானால் நொத்தாரிஸ் மூலம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அப்படி எழுதிய இடத்தை விரைவாக மீளப் பெற 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது.

வெளிநாட்டில் இருந்து விற்பவர்கள் அற்றோணித் தத்துவத்தை (தங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதும் அதிகாரப் பத்திரத்தை) அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ உயர்ஸ்தானிகராலயத்திலோ உறுதிப்படுத்தி, இலங்கையில் பதிவும் செய்ய வேண்டும். இந்த வீட்டை விற்கவும், முற்பணம் பெறவும், உறுதியில் கையெழுத்திடவும் அதிகாரம் உண்டு என்று காணியின் பிளான் இலக்கத்தோடு அதில் எழுதியிருக்கட்டும். "என் சொத்துகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள" என்று பொத்தாம்பொதுவாக எழுதியதை நொத்தாரிஸ்மார் விரும்புவதில்லை.

படி 2: விலையை வாங்குபவரின் பக்கம் நின்று கணக்குப் போடுங்கள்

இணையத்தில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை இல்லை. அடுத்த ஒழுங்கையில் ஒருவர் ஒரு பேர்ச் காணி 90 லட்சம் என்று இரண்டு வருடமாகப் போட்டிருந்தால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. வங்கிகளின் பட்டியலில் உள்ள ஒரு மதிப்பீட்டாளருக்குக் காசு கொடுத்து அறிக்கை எடுங்கள். நாளை வாங்குபவரின் வங்கி அனுப்பப்போவதும் அப்படியான ஒருவரைத்தான்.

ஒரு கணக்கு பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். 7 பேர்ச் காணி, பேர்ச் 60 லட்சம் என்றால் 420 லட்சம். 2,000 சதுர அடி வீடு, இன்று கட்டச் சதுர அடிக்கு 15,000 ரூபாய் என்றால் 300 லட்சம். முப்பது வருடப் பழைய வீட்டுக்கு அதில் 40 சதவீதம் மிஞ்சுகிறது என்று வைத்தால் 120 லட்சம். மொத்தம் 540 லட்சம். நீங்கள் கேட்பது 750 லட்சம்.

வங்கி 540இல் 75 சதவீதம் கடன் தந்தால் 405 லட்சம். 540க்கு வாங்குபவர் கையிலிருந்து 135 லட்சம் போட வேண்டும். 750க்கு வாங்க வேண்டுமானால் 345 லட்சம். இதற்கு மேல் முத்திரைத் தீர்வை: முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 540 லட்சத்துக்கு அது 21 லட்சத்து 59 ஆயிரம் ரூபாய். அதன் பிறகு நொத்தாரிஸ் கூலி. "வீடு நல்லா இருக்கு, வீட்டில கதைச்சிட்டுச் சொல்றன்" என்று போனவர் ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

2022இல் ரூபாய் விழுந்தபோது கையில் காசு வைத்திருந்த பலர் காணிக்குள் போட்டார்கள். அப்போது கேள்விப்பட்ட விலை இன்னும் பலரின் மனதில் நிற்கிறது. வெளிநாட்டிலுள்ள உரிமையாளர்கள் வேறொரு பிழை செய்கிறார்கள். பவுணிலோ டொலரிலோ தாங்கள் போட்ட தொகையை இன்றைய மாற்றுவீதத்தில் பெருக்கி அதையே விலையாகச் சொல்கிறார்கள். வாங்குபவரின் சம்பளம் ரூபாயில் வருகிறது.

அடுத்து, உங்கள் வீட்டை வாங்கப்போவது யார் என்று தீர்மானியுங்கள். அகலமான வீதியில், 10 பேர்ச்சுக்கு மேல், பழைய வீடு என்றால் வாங்குபவர் தொடர்மாடி கட்டுபவராக இருப்பார். அவருக்குக் காணி மட்டுமே பெறுமதி, வீட்டை இடிக்கும் செலவையும் கழிப்பார். அவர் கேட்கும் முதற் கேள்வி வீதி எத்தனை அடி என்பதுதான், எத்தனை மாடி எழுப்பலாம் என்பது அதில் தங்கியிருக்கிறது. அந்த வீட்டில் புதிய டைல்ஸ் பதிப்பது காசை மண்ணில் கொட்டுவது. 10 அடி ஒழுங்கைக்குள் 5 பேர்ச் வீடு என்றால் வாங்குபவர் குடும்பம். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக வருகிறவர், கோயிலுக்கு நடந்து போக நினைக்கும் ஓய்வு பெற்றவர். அவருக்கு வீட்டின் நிலைதான் முக்கியம்.

வெளிநாட்டுத் தமிழரை நம்பி விலை போடுபவர்கள் ஒரு சட்டத்தை அறிய வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குக் காணியை விற்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம். இல்லாதவர் சில நிபந்தனைகளோடு தொடர்மாடி வீட்டை, முழுத் தொகையையும் வெளிநாட்டிலிருந்து வங்கி மூலம் கொண்டுவந்து வாங்கலாம். ஆகவே ஆள் பேசத் தொடங்கும்போதே "இரட்டைக் குடியுரிமை எடுத்திட்டீங்களா?" என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் மூன்று மாதம் வட்ஸ்அப்பில் பேசி முடிவில் கைவிட்ட பேரங்கள் ஏராளம்.

விலையைக் குறைப்பதென்று முடிவெடுத்தால் ஒரே தடவையில் உணரத்தக்கதாகக் குறையுங்கள். மாதம் ஐந்து லட்சமாகக் குறைத்தால் பார்ப்பவர் அடுத்த மாதம் வரை பொறுப்பார். இணையத் தளங்களில் தேடுபவர் 500 வரை, 600 வரை என்று எல்லை போட்டுத் தேடுவதால் 610ஐ விட 595 பல மடங்கு கண்ணில் படும். குறைத்த அன்றே கொப்பியிலுள்ள பழைய ஆட்கள் எல்லோருக்கும் கோல் எடுத்துச் சொல்லுங்கள். வீட்டை ஏற்கெனவே பார்த்தவர்கள் என்பதால் அவர்களிடமிருந்து பதில் விரைவாக வரும்.

படி 3: வீட்டில் எதற்குச் செலவழிப்பது

குடும்பத்துக்கு விற்கும் வீடு என்றால் மட்டும் இந்தப் படி. பட்டியல் சிறியது: ஒழுக்கு, ஈரம், துரு, வெளிச்சம், மணம்.

வாங்க வருகிறவர் முதலில் நிமிர்ந்து சீலிங்கைப் பார்ப்பார். தண்ணீர்க் கறை தெரிந்தால் அவர் மனதில் கூரை முழுவதையும் மாற்றும் செலவு ஓடும். உண்மையில் அது அடைபட்ட பீலியாகவோ ஓரிரு தகரத் தகட்டின் பிழையாகவோ இருக்கலாம். ஒழுக்கை நிறுத்தாமல் மேலே பெயின்ற் அடிக்காதீர்கள். இரண்டு மூன்று கிழமையில் கொப்பளித்து வரும், மறைத்த குற்றமும் சேரும். சரியான ஒழுங்கு: ஒழுக்கை நிறுத்துங்கள், பழைய பெயின்றைச் சுரண்டுங்கள், மூன்று நான்கு கிழமை காயவிடுங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் ரேப் ஒட்டி 24 மணித்தியாலம் விடுங்கள். உட்புறம் நீர்த்துளி கட்டியிருந்தால் சுவர் இன்னும் ஈரம். காய்ந்த பின் பட்டி, சீலர், இரண்டு பூச்சு. 12க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் கதவு யன்னல் கழித்து 420 சதுர அடி வரும். ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு 100 முதல் 120 சதுர அடி பிடிக்கும். இரண்டு பூச்சுக்கு 7 அல்லது 8 லீற்றர் வேண்டும். இந்த வேலைக்குக் கொழும்பில் நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதத்தின் தென்மேல் பருவமழைக்குள்ளும் ஒக்டோபர், நவம்பர் மழைக்குள்ளும் சுவர் காயாது.

கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று யன்னல் கம்பியையும் கேற்றையும் தின்னும். கொங்கிறீற் தட்டின் அடியில் பூச்சு உப்பி நின்றால் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொக்கெனக் கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. பூச்சை உடைத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத் தடுப்புப் பூசி, பழுதுபார்க்கும் சாந்தால் மூடச் செய்யுங்கள். செய்த வேலையின் படங்களை வைத்திருந்து கேட்பவருக்குக் காட்டுங்கள்.

குசினியைப் புதிதாகக் கட்ட வேண்டாம், போட்ட காசு திரும்பாது. கழன்ற அலுமாரிக் கதவைப் பூட்டி, புகைக்கறையைத் துடைத்தால் போதும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் கிழமைக்கு ஒரு நாள் யன்னல்களைத் திறந்து, எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் ஓடவிட வேண்டும். மலசலகூடத்தின் தண்ணீர்ப் பூட்டு வற்றிவிட்டால் வீடெங்கும் நாற்றம் ஏறும். அந்த நாற்றத்தோடு ஒரு நிமிடம் நின்றவர் மேல்மாடிக்கு ஏற மாட்டார்.

படி 4: விளம்பரமும் புரோக்கரும்

ஒரே வீடு ஐந்து புரோக்கர்மாரிடம், ஐந்து விலையில், ஐந்து விதமான படங்களோடு இணையத்தில் கிடப்பது கொழும்பில் சாதாரணம். பார்ப்பவருக்கு இரண்டு எண்ணம் வரும்: ஒன்று, வீட்டுக்காரருக்குக் காசு அவசரம். மற்றது, இந்த வீட்டில் ஏதோ பிழை. எல்லா விளம்பரங்களையும் எடுக்கச் சொல்லுங்கள். ஒருவரை, மிஞ்சினால் இருவரைத் தெரிந்து, விலை, தரகு, காலம் மூன்றையும் எழுத்தில் பேசுங்கள். தரகு வழக்கமாக 2 முதல் 3 சதவீதம், உறுதி முடியும் அன்று கொடுப்பது. நீங்கள் சொன்ன விலைக்கு மேல் வைத்து விற்று மிச்சத்தைத் தான் எடுக்கும் ஏற்பாட்டுக்கு ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். உங்கள் வீடு விலைபோகாமல் நிற்க அந்த மேல்மிச்சமே காரணமாக இருக்கலாம். ஒரு நண்பரைக் கொண்டு புரோக்கருக்குக் கோல் எடுப்பித்து என்ன விலை சொல்கிறார் என்று சோதியுங்கள்.

மூன்று நான்கு கிழமை இடைவெளி விட்டு, புதிய படங்களோடு ஒரே விலையில் போடுங்கள். இக்மன் போன்ற தளங்களும் ஞாயிறு வீரகேசரியின் சிறு விளம்பரங்களும் வேறு வேறு ஆட்களிடம் போகின்றன, இரண்டும் வேண்டும். வாசகம் இப்படி இருக்கட்டும்:

"வெள்ளவத்தை, காலி வீதியிலிருந்து 250 மீற்றர், 15 அடி ஒழுங்கை. 7 பேர்ச் காணியில் இரண்டு மாடி வீடு, 2,000 சதுர அடி. 4 அறை, 3 குளியலறை, ஒரு கார் நிறுத்தலாம். தனி உறுதி, புதிய அளவைப் பிளான், இணக்கச் சான்றிதழ் உண்டு. ஈடு இல்லை. வங்கிக் கடன் எடுக்கலாம். விலை 565 லட்சம், பேசலாம்."

"அமைதியான சூழல், ஆடம்பர வீடு" என்று எழுதிய எதையும் யாரும் நம்புவதில்லை. பத்திரங்களின் நிலையை எழுதிய வரிதான் கோல் எடுக்க வைக்கும். படங்கள் பத்துப் பன்னிரண்டு போதும், காலை எட்டு மணிக்கும் பத்துக்கும் இடையில், எல்லா யன்னலும் திறந்து எடுங்கள். ஒழுங்கையையும் கட்டாயம் காட்டுங்கள். வீதியிலிருந்து நடந்து வந்து வீட்டுக்குள் நுழையும் ஒரு நிமிட வீடியோ, இலண்டனில் இருக்கும் மகனுக்கு அனுப்பிக் கேட்கும் பெற்றோருக்கு மிக உதவும்.

படி 5: காலமும் பேச்சும்

ஜூலை, ஓகஸ்டிலும் டிசம்பரிலும் வெளிநாட்டு உறவுகள் கொழும்புக்கு வருகிறார்கள். அதே நேரம்தான் ஆடியும் மார்கழியும். அந்த மாதங்களில் வீடு பார்ப்பார்கள், முற்பணம் கொடுக்க மாட்டார்கள். அவர்களை அவசரப்படுத்த வேண்டாம். ஆடியில் காட்டி, விலை பேசி, பத்திரங்களின் பிரதியைக் கொடுத்து, ஆவணி முதற் கிழமைக்கு உடன்படிக்கைக்கு நாள் வைத்துவிடுங்கள். அந்த இடைவெளியில் அவர்களின் நொத்தாரிஸ் உறுதியைப் பார்த்து முடிப்பார். மார்கழியில் வந்தவருக்குத் தை.

வாசல் தெற்கு, தெருக்குத்து போன்றவற்றை மாற்ற முடியாது. அதைப் பார்ப்பவரிடம் வாதாடுவதில் பயனில்லை. கொழும்பில் அதைப் பார்க்காத முஸ்லிம், சிங்கள, கிறிஸ்தவக் குடும்பங்களும் வீடு தேடுகின்றன. தமிழ் விளம்பரத்தோடு நிற்காமல் மற்ற மொழிகளிலும் போடுங்கள்.

ஆள் வரும்போது வீட்டில் ஒருவர் மட்டும் பேசட்டும். அண்ணன் ஒரு விலையும் மச்சான் ஒரு விலையும் சொன்னால் குறைந்ததிலிருந்துதான் பேரம் தொடங்கும்.

படி 6: உடன்படிக்கையில் வழுக்காமல்

முற்பணம் வழக்கமாக 10 சதவீதம், காலம் மூன்று மாதம். கைக்காசாக வாங்கிக் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுப்பதை விட்டு, நொத்தாரிஸ் முன் விற்பனை உடன்படிக்கையாக முடியுங்கள். வாங்குபவர் விலகினால் முற்பணம் என்னவாகும், வங்கி கடன் மறுத்தால் என்னவாகும், உங்களால் முடியாமல் போனால் என்ன கொடுப்பீர்கள் என்ற மூன்றும் தெளிவாக எழுதப்பட வேண்டும். வங்கிக் கடனில் வாங்குபவரிடம் முதல் மாதத்துக்குள் வங்கியின் சம்மதக் கடிதத்தைக் கேளுங்கள். உங்கள் வீடு ஈட்டில் இருந்தால், இன்ன திகதியில் இவ்வளவு கட்டினால் ஈடு விடுவிக்கப்படும் என்ற கடிதத்தை உங்கள் வங்கியிடம் எடுத்து இரண்டு வங்கிகளையும் பேச வையுங்கள்.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லி வாங்குபவர் கேட்பார். அது சட்டத்துக்கு மாறானது. அவருடைய கடனும் அந்தக் குறைந்த தொகைக்கே கிடைக்கும்.

மூலதன ஆதாய வரியைப் பலர் கடைசி நேரத்தில் அறிந்து திகைக்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் தனியாட்களுக்கு அது 15 சதவீதம். 2017 செப்ரெம்பர் 30க்கு முன் வாங்கிய வீட்டுக்கு அந்தத் திகதியின் சந்தைப் பெறுமதியே அடக்க விலை. அந்த நாள் பெறுமதி 360 லட்சம், விற்றது 540 லட்சம் என்றால் ஆதாயம் 180 லட்சம், வரி 27 லட்சம். அந்தத் திகதிக்கான மதிப்பீட்டு அறிக்கையை இப்போதே எடுங்கள், பின்னர் செய்த திருத்த வேலைகளின் பற்றுச்சீட்டுகளையும் சேருங்கள். இலங்கையில் வதிபவர் தன் பிரதான வசிப்பிடத்தை விற்றால், விற்பதற்கு முந்திய மூன்று வருடமும் சொந்தமாக வைத்திருந்து அதில் இரண்டு வருடமாவது அங்கே குடியிருந்திருந்தால் விலக்கு உண்டு. கனடாவில் இருந்துகொண்டு பூட்டி வைத்த வீட்டுக்கு அது கிடைக்காது. விற்று 30 நாட்களுக்குள் கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும்.

இன்னும் நின்றால்

பத்திரம் சுத்தம், விலை மதிப்பீட்டுக்கு அருகில், விளம்பரம் ஒன்று, இருந்தும் நான்கு மாதமாக ஆள் இல்லை. அப்போது காத்திருப்பதன் விலையைக் கணக்கிடுங்கள். 540 லட்சத்தை 8 சதவீத நிலையான வைப்பில் போட்டால் வரிக்கு முன் மாதம் 3 லட்சத்து 60 ஆயிரம். 30 லட்சம் கூடக் கிடைக்கும் என்று பத்து மாதம் நின்றால் 36 லட்சம் போயிருக்கும். மாநகர சபை வரியும் காவலாளியின் சம்பளமும் தனி.

காணி 12 பேர்ச்சுக்கு மேல் என்றால் இரண்டாகப் பிரித்து விற்கலாமா என்று அளவையாளரையும் மாநகர சபையையும் கேளுங்கள். பொதுவாக ஒரு துண்டு 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது, பின்துண்டுக்கு வழியும் விட வேண்டும். சிறிய துண்டுக்கு வாங்குபவர் அதிகம். கட்டுபவரோடு கூட்டாகத் தொடர்மாடி எழுப்பி உங்களுக்கு இத்தனை வீடு என்ற ஏற்பாடும் வரும். அதில் கட்டடம் எழும்பும் முன் காணியை அவர் பெயருக்கு முழுவதாக எழுதிக் கொடுக்க வேண்டாம். வங்கி உத்தரவாதமோ கட்டம் கட்டமாக மாற்றும் ஏற்பாடோ இல்லாவிட்டால் காணியும் வீடும் இரண்டுமே போகலாம். வாடகைக்குக் கொடுப்பதென்றால் ஒரு வருடத்துக்கு, பதிவு செய்த உடன்படிக்கையில், விற்பனை முடிவானால் மூன்று மாத முன்னறிவித்தலில் வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடும், பார்க்க வருபவருக்குக் கிழமைக்கு இரண்டு தரம் வீட்டைக் காட்ட வேண்டும் என்ற வரியோடும் கொடுங்கள். அந்த இரண்டாவது வரி இல்லாததால் கதவு திறக்கப்படாமல் கைநழுவும் ஆட்கள் அதிகம்.